நாரிக்குக் கட்டிய ஒபி

முதல் ஒபியை நான் வாங்கியது மாதாவுக்காக. சீசா என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் மாதா படம் வைத்திருக்கும் தட்டுக்கு ஒரு விரிப்புத் தேடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போயிருந்தேன். மேசை விரிப்பு என்று சத்தியம் செய்துதான் விற்றான் வியாபாரி. வீட்டில் விரித்துப் பார்த்தால் அது தட்டைத் தாண்டி, கதிரையைத் தாண்டி, கதவு வரைக்கும் போகிறது. மகள் போனில் தேடிவிட்டுச் சிரித்தாள். "அம்மா, இது விரிப்பில்லை. ஜப்பான் பொம்பிளையள் கிமோனோவுக்கு மேல இடுப்பில சுத்திக் கட்டுறது. ஒபி எண்டு பேர்."

விளையாட்டாகத்தான் சுற்றிப் பார்த்தேன். மூன்று சுற்று சுற்றி இறுக்கினேன். இடுப்பின் பின்பக்கத்தை நாங்கள் நாரி என்போம். பல மாதங்களாக என்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த நாரி சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

அதே நகரின் கால்சா பகுதியில் ஒரு பழைய மாளிகையின் மாடியில், சிஞோரா என்று நான் கூப்பிடும், நடக்க முடியாத வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பார்த்துக்கொள்வது என்றால் தூக்குவது. கட்டிலில் இருந்து சக்கரக் கதிரைக்கு, கதிரையில் இருந்து குளியலறைக்கு, பிறகு திரும்பக் கட்டிலுக்கு. முள்ளந்தண்டில் தட்டு ஒன்று விலகியிருக்கிறது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பாரம் தூக்காவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிக்க முடியாது. அது இல்லாமல் இந்த நாட்டில் எப்படி இருப்பது? மருந்துக்கடையில் இடுப்புப் பெல்ட் விற்கிறார்கள்தான். அதைக் கட்டினால் நோயாளி என்று நெற்றியில் எழுதி ஒட்டியது மாதிரி. ஒபி வேலைச் சட்டைக்குள் தட்டையாகக் கிடக்கும், ஒருவருக்கும் தெரியாது.

தேவைக்கு ஒன்று போதும். எனக்குப் போதவில்லை. ஞாயிறு பூசை முடிந்த கையோடு அந்தச் சந்தைக்கு ஓடத் தொடங்கினேன். கொக்கு பறக்கும் கறுப்பு ஒன்று, இலை நெய்த பச்சை ஒன்று, தங்க இழை ஓடும் சரிகை ஒன்று என்று அலுமாரியில் என் சீலைகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தேன். "ஜப்பான் ராணி வாறா, வழி விடுங்கோ," என்று கணவர் நக்கலடிப்பார். அடிக்கட்டும். சாகும்வரை பிறர் வீட்டுத் தரையைத் துடைக்கப் பிறந்தவள் என்ற நினைப்பு, அந்தப் பட்டைத் தொடும்போது எனக்கு வருவதில்லை.

வேலைக்குக் கட்டியது சாம்பல் நிறத்தில் அகலம் குறைந்த ஒன்று. நெருக்கமாக நெய்த முரட்டுப் பட்டு. கட்டினால் அசையாது. இழுத்து இறுக்கும்போது சுண்டெலி மாதிரிக் கீச்சிடும். தினமும் காலையில் சிஞோரா வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்து அறையில் கதவைச் சாத்திவிட்டு அதைக் கட்டிக்கொள்வேன்.

அந்த ஆகஸ்டில் மிலானோவில் இருந்து சிஞோராவின் மகன் வருவதாகப் போன் வந்தது. அம்மாவைத் தனியாக ஒரு பெண்ணால் தூக்க முடிகிறதா என்று நேரில் பார்க்க வேண்டுமாம். முடியாவிட்டால் முதியோர் இல்லத்தில் சேர்ப்பதாக முடிவு. சிஞோரா அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அவர் இல்லத்துக்குப் போனால் என் வேலையும் போய்விடும்.

அந்தப் பதற்றத்தில் ஒரு மடத்தனம் செய்தேன். வியர்வை நாறுகிறதே என்று சாம்பல் ஒபியைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கசக்கிவிட்டேன். காய்ந்தபோது அது சுருங்கி நெளிந்து, கருவாட்டுத் துண்டு மாதிரிக் கிடந்தது. மற்றதெல்லாம் அகலம், வழுக்கல். அவற்றில் ஓரளவு விறைப்பாக இருந்தது சரிகைதான். மகன் வரும் நாள் மத்தியான விருந்துக்கு நல்ல உடுப்போடு வா என்று சிஞோரா சொல்லியிருந்தார். என்னிடம் இருந்த நல்ல கறுப்புச் சட்டைக்குள் அது அடங்காது. வெளியேதான் கட்ட வேண்டும்.

அன்று காலை மகள் வீடியோ பார்த்து, பின்னால் மேளம் மாதிரி மடித்துக் கட்டிவிட்டாள். அதற்கு மேல் ஒரு கயிறும் கட்ட வேண்டுமாம். கயிறு இல்லை. சீலைக்குக் குத்தும் இரண்டு சட்டைப்பின்களைக் குத்தினேன். "ஆரும் கேட்டா ஃபாஷன் எண்டு சொல்லுங்கோ," என்றாள். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். நெரிசலில் ஒபி தளர்ந்துவிட்டது. சிஞோரா வீட்டில், அதே அறையில், திரும்ப இழுத்து இறுக்கினேன். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

மகன் வந்ததும் வராததுமாகக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "செய்து காட்டுங்கள்," என்றார். என் முதுகு ஜன்னல் பக்கம் இருந்தது நல்லதாகப் போயிற்று. சக்கரக் கதிரைக்கு முன்னால் நான் குனிந்தேன். சிஞோரா வழக்கம்போல என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். தூக்கினேன். பாதி தூக்கியபோது ஒரு பின் தெறித்தது. அடுத்ததும் தெறித்தது. சுற்று நெகிழ்வதை உணர்ந்தேன், நாரியில் இருந்து கால் பெருவிரல் வரைக்கும் நெருப்பு இறங்கியது. விழுத்தப் போகிறேன் என்று நினைத்தேன். மாதாவே என்று கூப்பிடக்கூட மூச்சு இல்லை.

அப்போது கழுத்தில் இருந்த கைகள் இறங்கின. கோப்பி கோப்பையைப் பிடித்தாலே நடுங்கும் அந்த இரண்டு கைகளும் என் முதுகுக்குப் போய், அவிழ்ந்த ஒபியைக் கொத்தாகப் பிடித்து முறுக்கின. என் இடுப்பு மறுபடி இறுகியது. அந்தப் பிடியில் நான் திரும்பி, அவரைக் கட்டிலில் இருத்தினேன்.

இருத்திய பிறகும் அவர் விடவில்லை. என் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். விட்டால் எல்லாம் தரையில் விழும். மகன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மாவுக்கு உங்களில் நல்ல பாசம் என்றார். இடுப்பில் இருப்பது என்னவென்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், ஜப்பான் பட்டு, எனக்குப் பிடிக்கும் என்பதற்காகக் கட்டியிருக்கிறாள் என்றார் சிஞோரா. மகனுக்குப் போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

கதவு சாத்தியதும்தான் எனக்கு அழுகை வந்தது. நன்றியா வெட்கமா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சிஞோரா இன்னும் பிடியை விடவில்லை.

"தினமும் காலையில் அந்த அறையில் அது கீச்சிடும்," என்றார். "இன்று கீச்சிடவில்லை. நானே பிடித்துக்கொள்ள வேண்டிவரும் என்று அப்போதே நினைத்தேன்."

நான் தரையில் பின்களைக் கண்ணால் தேடினேன்.

"அழாதே, இறுக்கிக் கட்டு," என்றார். "சாப்பாட்டு மேசைக்கு நீ என்னைத் திரும்பவும் தூக்க வேண்டும்."