ஒரு நாள் இரவல் பிள்ளைகள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, 'பாப்பாவுக்குக் காய்ச்சல்' என்று ஸ்கூல் வேனுக்கு போன் செய்தேன். பொய்தான்... என்ன செய்வது? எங்கள் தெரு அங்கன்வாடிக்கு அவசரமாகக் குழந்தைகள் தேவைப்பட்டார்கள்!

திருவொற்றியூரில் எங்கள் தெரு சென்டரில் வருகை குறைந்துவிட்டது. காரணம் யார்? நாங்கள்தான். "பால்வாடியா... சோறு போட்டுத் தூங்க வைப்பாங்க" என்று உதட்டைச் சுழித்துவிட்டு, மூன்று வயசுக்கே டை கட்டி வேனில் ஏற்றுகிறவர்கள். சென்டரை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றிவிடலாமா என்று பார்க்க ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வரப்போவதாகத் தகவல்.

அந்த ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் இடைவெளியே விடுவதில்லை.

எதிர்வீட்டு ரேவதி காலையிலேயே மீன் கூடையோடு கிளம்பிவிடுவார். "எம் பையன யாருண்ணா ரோடு தாண்டி இட்டுகினு போவாங்க? இங்க கீறான்னுதான் நிம்மதியா யாவாரம் பண்றேன். ஒரே ஒரு நாளு உன் பொண்ண அனுப்புண்ணா" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு கேட்கவில்லை.

வீடு வீடாகப் போய் எட்டுப் பிள்ளைகளைத் திரட்டினார். எட்டும் யூனிஃபார்ம், ஷூ, டையோடு வந்து இறங்கின! கழற்றிவிட்டு அனுப்ப வேண்டும் என்று ஒரு பெற்றோருக்கும் தோன்றவில்லை. பால்வாடியே ஆனாலும் நம்ம பிள்ளை டீசன்ட்டாகப் போக வேண்டாமா?

மேடம் டைகளைப் பார்த்தார். என் மகள் நிலாவிடம் குனிந்து, "தினமும் வருவியா பாப்பா?" என்றார்.

"இல்ல மிஸ். இன்னிக்கு மட்டும்தான். அப்பா சொன்னாரு."

அன்று யாவாரத்துக்குப் போகாமல் ரேவதியும் என்னோடு வாசலில் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

மேடம் திட்டவில்லை. "சொல்லாம மறுபடி வருவேன். அன்னிக்கும் இத்தனை பேர் இருந்தா சென்டர் இங்கேயே இருக்கும்" என்று கிளம்பிவிட்டார்.

என்றைக்கு வருவார்? யாருக்குத் தெரியும்! மறுநாளும் அனுப்பினோம். அதற்கு மறுநாளும்... வேன் ஸ்கூலில் வாயே திறக்காத நிலா, இங்கே டீச்சரின் பாட்டை எடுத்துக்கொடுக்கிறாள். வீட்டில் தொடாத முட்டையை இங்கே கேட்டு வாங்கித் தின்கிறாள். ரேவதி மகனோடு காலையில் சண்டை, மதியம் சமாதானம். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

மூன்றாவது வாரம் மேடம் வந்தார். தலைகளை எண்ணினார், கையெழுத்துப் போட்டார். சென்டர் தப்பித்தது.

"ரொம்ப டேங்க்ஸுண்ணா. நாளையிலேர்ந்து உன் பொண்ண வேன்லயே அனுப்பிக்க" என்றார் ரேவதி.

அனுப்பலாம்தான்... அதை நிலாவிடம் யார் சொல்வது?