படையல் போட்ட மிஷின்

மரக்காணம் உப்பளத்தில் தையல்நாயகிக்குக் குத்தகைப் பாத்திகள் சில உண்டு. புருஷன் இறந்தபின் அவளே ஆள் வைத்து உப்பு வாருகிறாள். ஒரே மகள் மலர்கொடிக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஷிப்டு முடிந்து அவள் கூப்பிடும் நேரத்தில் இவள் தூங்கியிருப்பாள். வீடு தேடி வந்து பேசிய ஆள் என்றால் ஜான்சன்தான்.

ஜான்சன் புதுச்சேரியில் நாலு பேரோடு ஒரு சின்ன டெக்னாலஜி கம்பெனி வைத்திருந்தான். பாத்தித் தண்ணீர் உப்பு விளையும் பதத்துக்கு வந்துவிட்டதா என்று அளந்து செல்போனுக்குத் தகவல் அனுப்பும் மிஷின் அவனுடையது. சோதித்துப் பார்க்கப் பாத்தி கொடுத்தவள் தையல்நாயகி. மிஷினைப் பார்க்க வருவான். சாப்பிட்டுத் தட்டையும் கழுவி வைத்துவிட்டுப் போவான்.

முதன்முதலில் அதை இறக்க வந்தபோது அவள்தான் மறித்தாள்.

"படைக்காம புதுப் பொருள் எதுவும் பாத்தியில எறங்காதுப்பா."

"நான் சர்ச்சுக்குப் போறவன்க்கா."

"நீ போ. மிஷின் எந்தச் சர்ச்சுக்குப் போவுது?"

அவன் சிரித்துவிட்டான். வழக்கப்படி பொங்கல் வைத்து, அக்கம்பக்கத்து அளத்துக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டாள். மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்ததும், அடுத்த அளத்து ராஜாங்கம் சீண்டினார்: "உள்ள என்னப்பா இருக்குது, வெறும் டப்பாவா?" ஜான்சனுக்கு ரோஷம். மூடியைக் கழற்றி, எது எப்படி வேலை செய்கிறதென்று ஒவ்வொன்றாகக் காட்டினான். காப்புரிமைக்கு அவன் விண்ணப்பித்தது அதற்குப் பிறகுதான்.

பின்னாளில் ஒரு குஜராத் கம்பெனி அதே மாதிரி மிஷினை விற்றது. ஜான்சன் வழக்குப் போட்டான். விண்ணப்பிக்கும் முன்பே ஊரறியக் காட்டிவிட்ட பொருளுக்குக் காப்புரிமை செல்லாது என்று அவர்கள் எதிர்த்தார்கள். வழக்கு நடக்கும்போதே மும்பைக் கம்பெனிக்காரர்கள் ஜான்சனின் கம்பெனியை விலைக்குக் கேட்டார்கள். படையலன்று என்ன நடந்தது என்று தெரிந்தபின்தான் கையெழுத்து என்றார்கள். தையல்நாயகி சாட்சி, அவளோடு பேசக் கூடாது என்று ஜான்சனுக்கு அவனுடைய வக்கீல் சொல்லிவிட்டார். ஆளும் வரவில்லை, போனும் வரவில்லை. டிவியில் செய்தி வாசிப்பவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே சாப்பிடப் பழகினாள்.

மும்பைக்காரர்களின் வக்கீல் அஸ்வினி ஒருநாள் அளத்துக்கே வந்தாள். இடம் காட்ட வந்த ஜான்சன் காரை விட்டு இறங்கவில்லை.

"அன்னிக்கு மிஷினை மூடினபடியே வச்சாங்களா, தொறந்து காட்டினாங்களாம்மா?"

ராஜாங்கம் முந்தியே சொல்லியிருந்தார்: "மூடிதான் இருந்துதுன்னு சொல்லிடு. பையன் பொழைச்சுப் போவான்."

சொல்லிவிடலாம். ஆனால் அன்று பொங்கல் தின்றவர்களில் யாராவது ஒருவர் கோர்ட்டில் வாய் திறந்தாலும் அந்தப் பொய் ஜான்சன் தலையில்தான் விடியும்.

"தொறந்துதான் காட்டினான்மா. நான்தான் எல்லாரையும் கூப்ட்டேன். அதையும் எழுதிக்குங்க."

கார்க் கண்ணாடி இறங்கவே இல்லை.

மழைக்காலத்துக்கு முன் கம்பெனி விற்பனை முடிந்தது. காப்புரிமையை நம்பி அல்ல, ஜான்சனும் அவன் ஆட்களும் தங்களுக்குத் தேவை என்றுதான் மும்பைக்காரர்கள் வாங்கினார்களாம். குஜராத்துக்காரர்களோடு பேசி வழக்கையும் முடித்துக்கொண்டார்கள். இனி யாரும் யாரோடும் பேசலாம். இருந்தும் பல நாள் கழித்துத்தான் போன் வந்தது.

"அக்கா, மும்பைக்காரங்க என்னைப் பெங்களூர்ல போட்டிருக்காங்க."

"சாப்ட்டியா?"

"ம்."

"எம்மேல கோவமா?"



"கோவம் இல்லக்கா. நீங்க சொன்னது நெசந்தானே. நான்தான் கார்ல உக்காந்துகிட்டு, நீங்க பொய் சொல்லணும்னு ஜெபம் பண்ணிட்டிருந்தேன். அதான், உங்க மூஞ்சியில முழிக்க வெக்கமா இருந்துது."

"இதுக்கெல்லாம் ஜெபம் பண்ணா உங்க சாமியார் திட்டமாட்டாரா? வெக்கம் தெளிஞ்சதும் வா."

"வர்றேன்க்கா."

யாரோ அவனை மீட்டிங்குக்குக் கூப்பிடும் சத்தம் கேட்டது. எப்போது என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் போனை வைத்துவிட்டான்.