ஒன்பதரை மடங்கில் பெண் பார்க்கப் போனது

எண்பதுகளின் நடுவில் ஒரு வைகாசியில், மலைமேல் இருக்கும் காவலூருக்குப் பெண் பார்க்கப் போக நாள் குறித்த பிறகுதான் என் மச்சானுக்கு டர்போ ஆசை வந்தது. மனைவியின் தம்பி அவன். திருப்பத்தூரில் நாங்கள் இருவரும் சேர்ந்து கார் பட்டறை வைத்திருந்தோம். சென்னைக்கு உதிரிபாகம் வாங்கப் போனவன், வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிய பழைய டர்போ ஒன்றைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான்.

டர்போ என்பது ஒரு விசிறிதான். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். உள்ளே போன காற்றையும் பெட்ரோலையும் பிஸ்டன் மேலேறிச் சில மடங்கு நெருக்கும். அந்த மடங்கைத்தான் கம்ப்ரஷன் என்போம். டர்போவும் திணித்து, பிஸ்டனும் அளவுக்கு மீறி நெருக்கினால், பெட்ரோல் தன் இஷ்டத்துக்கு வெடிக்கும்; பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

அவனுடைய காரோ கதம்பம். எஞ்சினின் அடிப்பாகமான பிளாக் ஒரு வண்டியுடையது, அதை மேலே மூடும் ஹெட் இன்னொரு வண்டியுடையது. பிஸ்டனில் எங்களிடம் இரண்டு வகை இருந்தன: தலை புடைத்தது ஒன்று, தலை குழிந்தது ஒன்று. ஹெட்டைக் கவிழ்த்து, குழிமேல் கிரீஸ் தடவிய கண்ணாடியை ஒட்டி, எவ்வளவு மண்ணெண்ணெய் பிடிக்கிறது என்று அளந்தோம். அதற்கு மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரிடம் ஊசிக்குழாய் கேட்டபோது, மாட்டுக்கு என்ன சீக்கு என்று அக்கறையாக விசாரித்தார். இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றான் மச்சான்.

கணக்குப் போட்டதில் புடைத்தது ஒன்பதரை மடங்கு, குழிந்தது ஆறரை. டர்போ இருப்பதால் குழிந்ததே போதும் என்றேன் நான்.

"ஆறரைன்னா மாவு மெஷின் மாமா. பொண்ணு வூட்டுக்கு மாவு மெஷின்ல போவ முடியுமா?"

என் மனைவி தம்பி பக்கம் சாய்ந்தாள். ஒன்பதரை ஜெயித்தது.

சமவெளியில் கார் பறந்தது. மச்சான் வெள்ளைச் சட்டையில் விசில் அடித்துக்கொண்டு ஓட்டினான். ஆலங்காயம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்குவதுபோல ஒரு சத்தம் கிளம்பியது. பூவும் பழமும் வைத்த தட்டை மடியில் பிடித்திருந்த என் மனைவி, பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, பட்டாணி வறுக்கிறாப்ல கேக்குது?"

ரோட்டில் ஜல்லி சரியில்லை என்றான் மச்சான். பெட்ரோல் தன் இஷ்டத்துக்கு வெடிக்கும் சத்தம் அது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடிக்காத குறையாக நிறுத்தவைத்து, பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஆறும்வரை ஒரு புளியமர நிழலில் உட்கார்ந்தோம். பிறகு டர்போவிலிருந்து காற்று வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஸ்பார்க் வரும் நேரத்தையும் சற்றுத் தாமதப்படுத்தினேன். உதவிக்கு வந்த மச்சானின் வெள்ளைச் சட்டையில் பாதி கறுப்பாயிற்று. ஆனால் கார் நல்ல பிள்ளையாக மலை ஏறியது.

பெண்வீட்டு வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. பெண்ணின் அப்பா, பானெட்டுக்குக் கீழே தொங்கும் குழாய் என்னவென்று மரியாதைக்குக் கேட்டுவைத்தார். அவ்வளவுதான். மச்சான் டர்போவில் ஆரம்பித்து, கம்ப்ரஷனுக்குப் போய், கை இரண்டையும் பிஸ்டனாக்கி விளக்கத் தொடங்கிவிட்டான். காபி கொண்டுவந்த பெண்ணை அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் மனைவி அவன் காலை இரண்டு தரம் மிதித்தாள். பெண் டம்ளரோடு நின்று முழுவதையும் கேட்டது.

"அவ்ளோ நெருக்கினா வெடிக்கும்னு தெரிஞ்சும் இன்னாத்துக்குங்க போட்டீங்க?"

மச்சான் அப்போதுதான் அவளைப் பார்த்தான். பிஸ்டன் கைகள் அந்தரத்தில் நின்றன.

"உங்க வூட்டுக்குச் சீக்கிரம் வந்துடலாம்னுதான்."

கூடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டோம். பெண்ணின் அப்பாதான் கடைசியாகச் சிரிப்பை நிறுத்தினார். அன்றைக்கே தட்டு மாற்றலாம் என்று அவரே சொன்னார்.

ஊர் திரும்பி எஞ்சினைப் பிரித்தபோது, பிஸ்டன் ஓரங்கள் எலி கடித்ததுபோல இருந்தன. இப்போது என் முறை. குழிந்த பிஸ்டனைப் போட்டு ஆறரைக்கு இறக்கினேன். வெடிச்சத்தம் போயே போய்விட்டது, கூடவே உயிரும். வளைவுகளில் வண்டி தூங்கும். திடீரென டர்போ விழித்துக்கொண்டு எல்லோரையும் சீட்டோடு சேர்த்து அறையும். கல்யாணம் முடிந்து பெண்ணை அழைத்து வந்தபோது, இரண்டாவது வளைவிலேயே வண்டி ஓட்டிய மாப்பிள்ளையின் மாலை கழுத்திலிருந்து எகிறி, பின்சீட்டிலிருந்த என் முகத்தில் விழுந்தது. மணப்பெண் ஒரு கையால் கதவையும் மறு கையால் அவனையும் பிடித்துக்கொண்டாள்.

பிறகு வேலூரில் ஒரு லேத்தில் வேறு நான்கு பிஸ்டன்களைக் கொடுத்து, புடைப்பைக் கொஞ்சமாகச் சீவச் சொன்னோம். ஏழே முக்காலுக்கு வந்தது. டர்போவின் திணிப்பையும் குறைத்துவைத்தோம். ஏறவும் ஏறியது, முனகவும் இல்லை.

அடுத்த வருடம் மச்சானின் மனைவி ஓட்டக் கற்றுக்கொண்டாள். அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள்தான் ஓட்டுவாள். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து எந்த இடத்தில் கியர் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருவானாம். அதில் ஒன்றையும் தான் காதில் வாங்கிக்கொள்வதில்லை என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.