எறும்புக்குப் பயந்து மூடிய பாட்டில்

குப்பையைக் குறைக்கலாமென்று, தரை துடைக்கும் திரவத்தை எலுமிச்சைத் தோல், வெல்லம், தண்ணீர் கலந்து நானே தயாரித்தேன். கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, எறும்பு வருமே என்று மூடியை இறுக்கி, அடுப்பு மேடையில் வைத்தேன்.

ஒருநாள் காலை 'டமார்' என்று சத்தம். விமானப்படைத் தளம் இருக்கும் எங்கள் சூலூரில் விமான இரைச்சல் பழக்கம்தான். ஆனால் இது எங்கள் சமையலறைக்குள்! என் கணவர் அங்கேதான் காபி போட்டுக்கொண்டிருந்தார். சிலிண்டர் வெடித்துவிட்டதென்றே நினைத்தேன்.

"ஏனுங்க!" என்று கத்தினேன். சமையலறை வாசலுக்கு ஓடினேன்.

"உள்ள வராத அம்மணி, கீழ பூரா கண்ணாடி" என்றார். சர்க்கரை டப்பா எடுக்கக் குனிந்திருந்தாராம். அவர் முகம் இருந்திருக்க வேண்டிய உயரத்தில், காலண்டரில் ஒரு கண்ணாடித் துண்டு குத்தி நின்றது. தோல் புளித்துச் சேர்ந்த காற்றுதான் பாட்டிலை உடைத்திருக்கிறது.

இப்போதும் தோலை வீசுவதில்லை. பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் பாதிதான் நிரப்பி, தினமும் மூடியைத் தளர்த்துகிறேன். 'புஸ்' என்று காற்று போகும்போதெல்லாம், அவர் எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.