காதைப் பொத்திய கைகள்

போன ஒக்டோபர் மாதம், தாங்ஸ்கிவிங் விடுமுறையின் நீள வார இறுதியில் நடந்தது இது. ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓடிப் போகவேண்டிய ஒரு பண்ணை. இலையுதிர் காலத்தில் அங்கே பூசணிக்காய்த் திருவிழா வைப்பார்கள். வகுப்பில் எல்லோரும் அங்கே போய்வந்துவிட்டார்கள் என்று மகள் நாளும் பொழுதும் அரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எட்டு வயது. தம்பிக்கு மூன்றரை.

நான் எதற்கும் பயப்படுகிற ஆள். மாற்று உடுப்பு, சுடுதண்ணிப் போத்தல், நெஞ்சில் பூசும் தைலம், சோற்றுப் பார்சல் என்று காரின் பின்பக்கத்தை நிரப்பிவிட்டேன். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பண்ணைக்குப் போறமோ, இடம்பெயர்ந்து போறமோ?" என்றார்.

என் பயங்களுக்குள் பெரியது காதுக்குள் காற்றுப் போவது. மகனுக்கு ஒரு வயதில் காதுக்குள் சீழ் வைத்து நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதற்குப் பிறகு காதை மூடும் கம்பளித் தொப்பி இல்லாமல் அவனை வாசலைத் தாண்ட விட்டதில்லை. "காது, காது" என்று நான் சொல்லிச் சொல்லி, காற்று என்றாலே அவனும் காதைப் பொத்துவான்.

அன்று நல்ல வெயில். மற்றப் பிள்ளைகள் மெல்லிய சட்டையோடு ஓடித் திரிந்தார்கள். உழவு இயந்திரமான ரக்ரர் இழுக்கும் பெரிய பெட்டியில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, ஆட்களை ஏற்றிச் சோளத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார்கள். கணவர் அவித்த சோளம் வாங்க வரிசையில் நின்றார். நான் பிள்ளைகளோடு ஏறி உட்கார்ந்த பிறகுதான் கண்டேன், மகனின் தலையில் தொப்பி இல்லை. காருக்குள் கழற்றிப் போட்டிருக்கிறான்.

பெட்டியில் பாதி இடம் காலியாக இருந்தது. ஊர் மினிபஸ் மாதிரி, ஆட்கள் நிரம்பினால்தான் வெளிக்கிடும் என்று நினைத்தேன். "தம்பியைப் பிடிச்சுக்கொண்டு இரு, இந்தா வாறன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு இறங்கிக் காருக்கு ஓடினேன்.

தொப்பியோடு திரும்பி வந்தபோது ரக்ரர் புறப்பட்டுச் சோளத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வேலையிடத்துக்குத் தேவையான ஆங்கிலம்தான் வரும். அந்த நேரம் அதுவும் வரவில்லை. "அண்ணை, நிப்பாட்டுங்கோ! அண்ணை!" என்று அந்த வெள்ளைக்கார டிரைவரைப் பார்த்துக் கத்திக்கொண்டு ஓடினேன். இயந்திரச் சத்தத்தில் அவருக்கு எது கேட்கும்? பெட்டி மறைந்துவிட்டது.

என் சத்தம் கேட்டுக் கணவர் சோளத்தோடு வந்தார். "இஞ்சை பாரப்பா, உது எங்கை போகப்போகுது? சுத்திப்போட்டு இஞ்சைதான் வரும்."

"அவன் எழும்பி நிண்டானெண்டால்? விழுந்தானெண்டால்?"

"மகள் இருக்கிறாள்தானே" என்றார். ஆனால் அவரும் சோளத்தைக் கடிக்கவில்லை.

எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. கையில் இருந்த தொப்பியை முறுக்கி முறுக்கி நூல் கிளம்பிவிட்டது. கடைசியில் ரக்ரர் சத்தம் கேட்டது. பெட்டிக்குள் முதலில் மகளைக் கண்டேன். பக்கத்தில் மகன், வைக்கோல் கட்டின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி, வாய் நிறையச் சிரிப்போடு இருந்தான். அவனுக்குப் பின்னால் தாடி வைத்த பெரிய உருவம் ஒன்று குனிந்து உட்கார்ந்திருந்தது. அந்த மனிதரின் இரண்டு உள்ளங்கைகளும் என் மகனின் காதுகளைப் பொத்தியிருந்தன.

மகள் இறங்கி வந்து மூச்சுவிடாமல் சொன்னாள். "அம்மா, தம்பி காத்து, காத்து எண்டு காதைப் பொத்திக்கொண்டு ஒண்டையும் பிடிக்கேல்லை. பெட்டி குலுங்கேக்கை விழப் பாத்தவன். நான் அந்த அங்கிளிட்டைச் சொன்னன், அம்மா வின்ட் காதுக்குள்ளை போகக்கூடாது எண்டு சொன்னவா எண்டு. அவர் ஓகே எண்டுபோட்டுத் தான் பொத்தினவர். தம்பி பிறகு கயித்தைப் பிடிச்சான்."

அவருடைய முழங்கால்களுக்கு நடுவில் ஒரு கடதாசிக் கப் இருந்தது. சூடான அப்பிள் ஜூஸ் பாதி அவர் காற்சட்டையில் ஊற்றுப்பட்டிருந்தது. துடைப்பதற்குக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

எல்லோரும் இறங்கிப் போன பிறகும் அவர் அப்படியே இருந்து, என்னைப் பார்த்து மெதுவாக ஏதோ கேட்டார். மகள் சொன்னாள்: "அம்மா, இப்ப கையை எடுக்கலாமோ எண்டு கேக்கிறார்."

ஏறிப் போய் மகனின் தலையில் தொப்பியைப் போட்டேன். தொப்பி ஒரு காதை மூட ஒரு கையை எடுத்தார். மற்றக் காதையும் மூடிய பிறகுதான் மற்றக் கையை எடுத்தார். பிறகு கப்பில் மிஞ்சியிருந்ததை ஒரே மிடறில் குடித்துவிட்டு, மகனுக்குக் கை காட்டிக்கொண்டு போனார். பெயர் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

என் வீட்டு ஆட்களே சிரிக்கிற பயம் அது. அந்த மனிதருக்கு அது விளங்கியிருக்கவும் மாட்டாது. இன்றும் நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன், தொப்பியும் போடுகிறேன். ஆனால் எனக்கு விளங்காத ஒன்றுக்கு யாராவது பயப்படும்போது, சிரிப்பு வருவதற்கு முன்னால் ஜூஸில் நனைந்த அந்தக் காற்சட்டை என் கண்முன் வந்துவிடுகிறது.