நான் மறைத்த நெடுவரிசை

அந்த வீடியோ இருபத்திரண்டு நொடிதான் ஓடும். ஆரஞ்சு நிற டிசட்டை போட்ட ஒருவர் நீர்த்தேக்கத்தின் கரையில் நின்று, இடுப்பைத் திருப்பி வலையை வீசுகிறார். வலை காற்றில் வட்டமாக விரிந்து தண்ணீரில் விழுகிறது. படம் எடுப்பவரின் குரல் ஆங்கிலத்தில் சொல்கிறது: "பாருங்க, நம்ம மீனையெல்லாம் வழிச்சிக்கிட்டுப் போறான்." கடைசி மூன்று நொடியில் கேமரா அவருடைய முதுகுக்கு நெருங்குகிறது. டிசட்டையில் எங்கள் யார்டின் பெயர் தெரிகிறது.

நான் சிங்கப்பூரின் மேற்குக் கோடியில், துவாஸில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் வெல்டிங் ஆய்வுப் பொறியாளர். வீடியோவில் இருப்பவர் அங்கே வெல்டர். அவர் வைத்த இணைப்புகளை நான் சோதிப்பேன். மூன்று வருடத்தில் இரண்டே இரண்டு முறைதான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவருடைய ஊர் ராமநாதபுரம் பக்கம், கடலை ஒட்டிய கிராமம். என் அத்தாவின் பூர்வீக ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து, வேலை நேரத்தில் "மேடம்" என்றும் டீ நேரத்தில் "தங்கச்சி" என்றும் கூப்பிடுவார். நான் எப்போதும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு டீ இடைவேளையில்தான் அது தொடங்கியது.

"தங்கச்சி, இந்த ஊர்ல மீன் புடிக்கலாமா, கூடாதா?"

"சில இடத்துல பிடிக்கலாம். ஏன் அண்ணே?"

"நம்ம ரூம்ல ஒருத்தன் கால்வாய்ல தூண்டில் போட்டான். போட்ட அஞ்சாவது நிமிசம் ஆபீசர் வந்து நிக்கிறாரு. அதான், முறையாக் கேட்டுக்கிட்டுப் போவோம்னு. கடலுக்குப் பக்கத்துலயே வேலை, ஆனா தண்ணியத் தொட்டு ரெண்டு வருசமாச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா லிட்டில் இந்தியா, கூட்டம், மறுபடி பஸ். எத்தன வாட்டிதான் அந்தத் தெருவயே பாக்குறது?"

இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு யாருமே இதைக் காதில் வாங்கவில்லை: அவர் சட்டத்தை மீற வழி கேட்கவில்லை. சட்டப்படி எங்கே பிடிக்கலாம் என்று கேட்டார். மெனக்கெட்டு, முன்கூட்டியே, விவரம் தெரிந்தவள் என்று நம்பிய ஒருத்தியிடம் கேட்டார்.

நான் பட்டியல் போடுகிறவள். பயணத்துக்கும் பட்டியல், நோன்புப் பெருநாள் சமையலுக்கும் பட்டியல். அன்று மாலை கிழக்குக் கோடியில் தெம்பனிஸில் இருக்கும் என் வீட்டுக்கு வந்ததும் அரசாங்க இணையப் பக்கத்தைத் திறந்தேன். மீன்பிடிக்க அனுமதி உள்ள இடங்கள் ஒரு நீளமான அட்டவணையாக இருந்தன. அதை எக்ஸெலில் இறக்கி, தமிழாக்கி, அவர் தங்கும் விடுதிக்குப் பக்கத்திலிருக்கும் பூன் லேயிலிருந்து எந்த பஸ் போகும், எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம் வரைக்கும் நிற்கலாம், எத்தனை மணிக்குள் கிளம்ப வேண்டும், கழிவறை எங்கே என்றெல்லாம் சேர்த்தேன். மூல அட்டவணையில் ஏழாவதாக ஒரு நெடுவரிசை இருந்தது. பிடிக்கும் முறை. மேலிருந்து கீழ் வரை எல்லா வரிசையிலும் ஒரே வாசகம்: தூண்டில் மட்டும், செயற்கை இரை மட்டும்.

எல்லா வரிசையிலும் ஒரே மதிப்பு இருந்தால் அந்த நெடுவரிசை எதையும் வேறுபடுத்திக் காட்டாது. அட்டவணை தாளுக்குள் அடங்க வேண்டுமென்றால் முதலில் அதைத்தான் மறைப்போம். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மறைத்தேன். தாள் அழகாக ஒரே பக்கத்தில் அடங்கியது. அச்செடுத்து மறுநாள் அவரிடம் கொடுத்தேன். மீன்பிடிப்பது என்றால் தூண்டில் என்றுதான் என் மனசில் இருந்தது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு வேறு படமே தெரியாது.

அவருக்குத் தூண்டில் என்பது பொடிசுகள் பாலத்தில் உட்கார்ந்து பொழுதுபோக்குவது. பெரியவர்கள் வலைதான் வீசுவார்கள். கடைசியாக ஊருக்குப் போய் வந்தபோது துணிகளுக்கு அடியில் சுருட்டி வைத்துக் கொண்டுவந்த வீச்சு வலை ஒன்று அவருடைய பெட்டியில் இரண்டு வருடமாக இருந்தது. ஈயக் குண்டுகளை அவரே கோத்தது. அது எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு போன் வந்தது.

"தங்கச்சி, ஆபீசர் வந்திருக்காங்க. நீங்க குடுத்த தாளைக் காட்டுறேன், படிக்கத் தெரியலங்கிறாங்க. செத்த பேசுறீங்களா?"

பேசினேன். அதோடு விட மனசில்லாமல் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்கு ரயிலில் போனேன். போய்ச் சேரும்போது அவர் கரையில் குந்தியிருந்தார். யார்டில் பாதுகாப்பு தினத்துக்குக் கொடுத்த ஆரஞ்சு டிசட்டை. இருப்பதில் நல்லது அதுதான் என்று போட்டுக்கொண்டு வந்திருந்தார். வலை ஒரு கறுப்புப் பையில் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. பத்தடி தள்ளி, விலையுயர்ந்த ரீல் தூண்டிலோடு ஒருவர் நின்று போனைத் தட்டிக்கொண்டிருந்தார். வீடியோ எடுத்தவர் அவர்தான். அவர் காலடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் உயிருள்ள இறால்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அதுவும் விதிப்படி கூடாது. நான் அதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் வாயைத் திறக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் என்மீது எனக்குக் கோபம் இருக்கிறது.

அதிகாரி நடுத்தர வயது மலாய்க்காரர். குரலை உயர்த்தவே இல்லை. என்னிடம், "வலை போட்டா குஞ்சும் சேர்ந்து வந்துடும் லா. அறுந்த வலையில நீர்க்காகம் சிக்கிச் செத்ததை நானே எடுத்துப் போட்டிருக்கேன். அதனாலதான் இந்த விதி," என்றார், இந்த ஊர் 'லா' ஆங்கிலத்தில். அதை அண்ணனுக்குச் சொன்னேன்.

"சரிதானே," என்றார் அவர். "நானும் பொடி மீனையெல்லாம் பொறுக்கித் தண்ணியிலதான் விட்டேன். கேளுங்க. வலை கூடாதுன்னு தெரிஞ்சா பெட்டியத் தொறந்திருக்கவே மாட்டேனே."

அறிவிப்புப் பலகையில் மீன் படமும் 'இங்கிருந்து இதுவரை' என்ற அம்புக்குறியும் இருந்தன. மற்ற விதிகளுக்கு ஒரு கியூஆர் கோடு. "அதையும் போன்ல அடிச்சுப் பாத்தேன் தங்கச்சி. இங்கிலீஷ்ல பக்கம் பக்கமா வந்துச்சு. நம்ம கையிலதான் உங்க தாள் இருக்கேன்னு மூடிட்டேன்."

நான் அதிகாரியிடம் என் மடிக்கணினியைத் திறந்து, மறைத்த நெடுவரிசையை விரித்துக் காட்டினேன். தவறு என்னுடையது என்றேன். அவர் திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "முதல் தடவை. எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கிறேன். வலை எங்களிடம் இருக்கட்டும். அடுத்த வாரம் தூண்டிலோட வரச் சொல்லுங்க," என்றார்.

சட்டம் அத்தோடு முடித்துக்கொண்டது. இந்த விஷயத்தில் சட்டத்தின்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. விதி நியாயமானது. அதை நடைமுறைப்படுத்தியவர் மனுஷர்.

வீடியோ திங்கட்கிழமை காலைக்குள் எங்கள் சூப்பர்வைசரின் போனுக்கு வந்துவிட்டது. அடியில் எழுதியிருந்ததை நான் இங்கே திரும்ப எழுத மாட்டேன். ஆறு வாரத்தில் அண்ணனின் ஒர்க் பெர்மிட் புதுப்பிக்க வேண்டியது. யார்டு கேட்டால்தான் புதுப்பிப்பார்கள். அவருடைய மகள் மதுரையில் நர்சிங் இரண்டாம் வருடம். அவள் முடிக்கிறவரை இங்கே இருப்பது என்பதுதான் அவருடைய ஒரே கணக்கு.

மனிதவளப் பிரிவில் இருந்த பெண்மணி என்னைப் போலவே இங்கே பிறந்த தமிழர். கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் பேசினார்.

"புதுப்பிக்கிறதில்லைன்னு மேல முடிவு பண்ணிட்டாங்கம்மா."

"எதுக்கு? வெறும் எச்சரிக்கைதானே. கடிதம் இதோ இருக்கு."

"கடிதம் இல்ல விஷயம். டிசட்டை. கம்பெனி பேரு தெரியுதே."

"அவருக்குத் தப்பான தகவல் கொடுத்தது நான். எழுதித் தர்றேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு, உனக்கு நல்லதுக்குச் சொல்றேன். இதை எழுத்துல கொண்டு வராதே. வாய்ல சொன்னே, நான் கேட்டேன், முடிஞ்சது."

"அவர் வெல்டிங் ரிக்கார்டைப் பாருங்க. மூணு வருஷத்துல..."

"வெல்டருக்கு என்னம்மா பஞ்சம்?"

நான் எழுதினேன். நடந்ததை வரிசையாக, தேதியோடு, அட்டவணையின் இரண்டு வடிவங்களையும் இணைத்து, இயக்குநர் வரைக்கும் அனுப்பினேன். அனுப்பிவிட்டு எனக்கு என்ன தண்டனை வரப்போகிறதோ என்று காத்திருந்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. 'பெற்றுக்கொண்டோம்' என்று ஒரு வரி வந்தது. தவறு செய்தவள் நான், தண்டனை அவருக்கு. கண்டித்து ஒரு கடிதம் வந்திருந்தால்கூட ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். என் தவறைத் தண்டிக்கக்கூட யாருக்கும் தேவைப்படவில்லை.

பெர்மிட் முடிந்து அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் அவரைப் பார்த்தேன். பெட்டிக்குக் கயிறு வாங்கிக்கொண்டிருந்தார். விமான நிலையத்துக்கு என்னென்ன கையில் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். வாங்கி, மேலிருந்து கீழ் வரை விரலை வைத்துப் படித்தார்.

"இதுல எதை மறைச்சு வச்சிருக்கீங்க தங்கச்சி?"

சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும், "அட, சும்மா சொன்னேன். நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க? நான்தான் வலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்," என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவர் போய் மூன்றாவது வாரம் நான் அதே கரைக்குப் போனேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதே ஆள், அதே ரீல், அதே டப்பா. நேராகப் போய், உயிர் இரை போடக் கூடாது என்று தெரியுமா என்று கேட்டேன்.

"பல வருஷமா இங்க வர்றேன் லா," என்றார். "யாரும் ஒண்ணும் சொன்னதில்ல."

"இப்ப நான் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே புகார் எண்ணுக்கு அழைத்தேன். அரை மணி நேரத்தில் வந்தவர் அதே மலாய்க்கார அதிகாரி. என்னை அடையாளம் கண்டுகொண்டார். டப்பாவை எடுத்துக்கொண்டார். முதல் தடவை என்பதால் எச்சரிக்கைக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதே தாள், அதே வாசகம். பிரிவு எண்ணில்கூட மாற்றமில்லை. அந்த ஆள் அதை நாலாக மடித்துப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, பையிலிருந்து ரப்பர் மீனை எடுத்து மாட்டி மறுபடி தூண்டிலை வீசினார். திங்கட்கிழமை அவருடைய அலுவலகத்தில் யாரும் கதவைச் சாத்திக்கொண்டு அவரைப் பற்றிப் பேசப்போவதில்லை.

அன்று மாலை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் பேசினேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். இப்போது யாரோ ஒருவரின் படகில் கூலிக்குப் போகிறார். பின்னால் அலைச்சத்தமும் யாரோ கத்துவதும் கேட்டது. என் கோபம் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"உசுரு எறாலா போட்டாரு?" என்றார். "நல்ல இரையாச்சே அது. என்ன மாட்டுச்சு?"

"தெரியலண்ணே. நான் பார்க்கல."

"பாத்திருக்கணும்," என்றார், உண்மையான வருத்தத்தோடு. பிறகு மகளின் படிப்புக்கு இந்தத் தவணைப் பணம் எப்படியோ கட்டியாகிவிட்டது, அடுத்ததுக்குத்தான் வழியில்லை என்று, வேறு யார்டு ஏதாவது ஆள் எடுத்தால் சொல்லச் சொன்னார். சிங்கப்பூரிலிருக்கும் யார்டுகளின் பட்டியலை அன்றே எடுத்தேன். இந்த முறை எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் போன் செய்துகொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. நான் பேசியவர்களில் இரண்டு பேர் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள்.