சிவப்பு வட்டத்துக்குள் நான்

அதியமான்கோட்டையைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்க் ஒன்றில் எனக்கு வேலை. என் வலது கண் தானாகச் சிமிட்டும். கழுத்து இடப்பக்கம் வெட்டி இழுக்கும். நடுநடுவே தொண்டையிலிருந்து ‘ஹுக்’ என்று ஒரு சத்தம் வரும். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். இதற்கு டூரெட் என்று பெயர் என சேலத்து டாக்டர் ஒருவர் சொன்னார். பெயர் தெரிந்ததில் எனக்கு இருந்த சந்தோஷம் வேறு யாருக்கும் இல்லை.

நான் கழுத்தை வெட்டினால், அடுத்த பம்புக்குப் போகச் சொல்கிறேன் என்று நினைத்து லாரிக்காரர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அங்கே ஆள் இருக்காது. திரும்பி வந்து என்னைத் திட்டுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. மனைவியோடு பைக்கில் வந்த ஒருவர், நான் கண்ணடித்தேன் என்று சட்டையைப் பிடித்துவிட்டார். அன்றைக்கு ஓனர் முடிவாகச் சொன்னார்.

“இன்னொரு புகார் வந்துச்சின்னா நீ காத்து அடிக்கிற எடத்துக்குப் போயிரு. ஒரு நேரம் வருது, ஒரு நேரம் நிக்குது. இது என்னடா வியாதி? ஆளுங்களப் பாத்து நீயாத்தான் பண்ற.”

காற்றடிக்கும் மூலைக்குச் சம்பளம் கிடையாது. வருகிறவர்கள் கொடுத்தால் உண்டு.

அந்த நேரத்தில்தான் இந்த வியாதியைப் பற்றி நிகழ்ச்சி எடுக்க, டாக்டர் மூலமாக ஒரு தொலைக்காட்சியிலிருந்து கூப்பிட்டார்கள். நான் உடனே சரி என்றேன். ஓனர், டிவியில் சொன்னால் எதையும் நம்புகிறவர். அதில் யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் ஒரு மாதம் முழுக்கப் பாகற்காய்ச் சாறு குடித்தார். என்னையும் நம்பிவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

ஒரு பெண் நிருபரும் ஒரு கேமராமேனும் வந்தார்கள். ஓனர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார். என் சட்டையில் மைக்கைக் குத்தினார்கள். கேமரா ஓட ஆரம்பித்தது. எனக்கு எல்லாம் நின்றுவிட்டது.

“எப்பவும் போல பண்ணுங்க சார்,” என்றார் நிருபர்.

“வரலைங்க மேடம்.”

“சும்மா ஒண்ணு?”

“நானா பண்றது இல்லைங்க அது.”

“கெட்ட வார்த்தையாவது வருமா?”

“எல்லாருக்கும் அப்படி வராதுங்க. எனக்கு இல்லைங்க.”

அவர் முகம் வாடிவிட்டது. பிறகு என்னைச் சோகமாகப் புளியமரம் வரைக்கும் நடக்கச் சொன்னார்கள். வானத்தைப் பார்க்கச் சொன்னார்கள். என் கழுத்து நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றது. கேமராமேன்தான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அங்கே கண்ணடித்தவர் அவர் ஒருவர்தான்.

“பாத்தியா, கேமராவுக்கு மட்டும் நிக்குது,” என்றார் ஓனர்.

இத்தனை வருஷமாக இது நிற்க வேண்டும் என்று வேண்டாத சாமி இல்லை. அன்றைக்கு அதே சாமிகளிடம் ஒரே ஒரு ‘ஹுக்’ கொடு என்று கெஞ்சினேன். ஒருவரும் கொடுக்கவில்லை.

அலுத்துப்போய் மைக்கைக் கழற்றிக்கொண்டு, ஓனரோடு எதிரே பேக்கரிக்கு டீ குடிக்கப் போனார்கள். வண்டி எதுவும் வரவில்லை. பம்புகளுக்கு நடுவே நான் மட்டும் நின்றேன். அப்போது வந்தது பாருங்கள். அவ்வளவு நேரம் அடங்கிக் கிடந்ததெல்லாம் மொத்தமாக வந்தது. கண், கழுத்து, தொண்டை, புதிதாகத் தோள்பட்டை வேறு. பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் வருவதற்குள் ஓய்ந்துவிட்டது. “இப்பத்தாங்க வந்துச்சி,” என்றேன்.

“நாங்க அந்தாண்ட போனதும் வந்துச்சாக்கும்,” என்றார் ஓனர். நிருபர் மட்டும் மேலே கூரையில் இருந்த சிசிடிவியை அண்ணாந்து பார்த்தார்.

நிகழ்ச்சியை ஓனரின் அறையில்தான் பார்த்தோம். எடுத்த எடுப்பில் அந்த சிசிடிவி காட்சி. என்னைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், பக்கத்தில் அம்புக்குறி. செயின் பறிப்பவனுக்குப் போடும் அதே திடும் திடும் இசை. ‘பெட்ரோல் பங்கில் நடந்தது என்ன?’ என்று கொட்டை எழுத்து. மெதுவாக ஓட்டினார்கள், திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். டாக்டர் வாயைத் திறந்ததும் விளம்பரம் வந்துவிட்டது. கூட வேலை பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

ஓனர் சிரிக்கவில்லை. டிவியை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் அதே பதிவைப் போட்டார். வட்டமும் இல்லை, இசையும் இல்லை. கடைசி வரை பார்த்தார்.

“வண்டி ஒண்ணும் இல்லியே,” என்றார்.

“இல்லைங்க.”

“நாங்களும் இல்ல. ஆளே இல்ல.”

“இல்லைங்க.”

“அப்புறம் யாருக்குடா பண்ணுன?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, எப்பவும் போல பம்புல நில்லு,” என்றார்.

மறுநாள் காலையில் ஒரு லாரிக்காரர் என்னை உற்றுப் பார்த்தார். “டிவில வட்டம் போட்டாங்களே, அந்த ஆளு நீதானே? போலீசுல வுட்டுட்டாங்களா?”

பதில் சொல்வதற்குள் கழுத்து இடப்பக்கம் வெட்டியது. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த பம்புக்குக் கிளம்பினார்.

ஓனர் தன் அறையிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே ஓடிவந்தார். “யோவ், அது உனுக்கு இல்லய்யா,” என்றார். “இங்கயே நிறுத்து.”